பதினைந்தாம் தேதி இரவு பன்னிரண்டு மணி

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது என்பது என் வீட்டுக்காரரின் நிரந்தரப் புகார். அவர் சொல்வது உண்மைதான். சாப்பிடும்போதே எழுந்து போய்க் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்து வருவேன். துணி மடிக்கும்போது பாதியில் போனை எடுத்து, கல்லூரியின் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். உயிரோடு இருந்தால், ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று பார்ப்பேன். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவர் தன் அம்மாவிடம் தெலுங்கில் சொல்வார். எனக்குத் தெலுங்கு புரியாது என்று அவர்கள் இரண்டு பேரும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் எடுக்கிறேன். சம்பளம் அதற்குத்தான். கல்லூரியின் போர்ட்டல் எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. நான் சேர்ந்த புதிதில் இன்டர்னல் மார்க்குகள் பென் டிரைவில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்க்கொண்டிருந்தன, கூடவே வைரஸும். பார்க்கப் பொறுக்காமல், லேபின் மூலையில் கிடந்த ஒரு பழைய இயந்திரத்தைத் தூசி தட்டி, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை இறக்கி நிறுவினேன். பாடக்குறிப்பு, அசைன்மென்ட், மார்க், புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் இனி அதில்தான் என்று ஆவதற்குள் எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. நிர்வாகத்துக்கு அது பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், அது காசு கேட்கவில்லை.

எனக்குப் பிடித்த காரணம் வேறு. அதன் உள்ளே போகலாம். விலைக்கு வாங்குகிற மென்பொருள் பூட்டிய பெட்டி மாதிரி. கெட்டுப்போனால் விற்றவனுக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதில் மூலநிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. வரி வரியாகப் படிக்கலாம், பிடிக்காததை மாற்றலாம். ஒருமுறை தமிழில் பெயர்களை ஏற்றியபோது அகரவரிசை குழம்பிப்போய் நான் திண்டாடினேன். எந்தத் தேசத்திலோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர் அந்த மென்பொருளுக்கான இணைய மன்றத்தில் பொறுமையாக விடை எழுதினார். நன்றி சொன்னேன். அடுத்து இதே கேள்வி கேட்பவருக்கு நீங்கள் சொல்லுங்கள், அது போதும் என்றார். அன்றைக்கு முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆனால் அதில் ஒரு தொல்லையும் உண்டு. பேங்கிலும் தாலுகா ஆபீசிலும் “சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதுங்க” என்று சொல்லி மனிதர்களைத் திருப்பி அனுப்புகிறார்களே, அந்த வசதி எனக்கு இல்லை. என்னிடம் வருகிற பெரும்பாலான காரியங்கள் முடிகிற காரியங்கள்தான். செய்யலாமா கூடாதா என்பதை நான்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது, யோசித்துவிட்டு மற்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் டிப்ளமோ படித்தவர். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு உள்ள குடும்பம். தோப்பை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒரு ஷிப்ட். ஏ ஷிப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு வரை, பி ஷிப்ட் இரண்டிலிருந்து இரவு பத்து வரை, சி ஷிப்ட் பத்திலிருந்து மறுநாள் காலை ஆறு வரை. சி ஷிப்ட் வாரங்களில் நாங்கள் ஒரே அறையை முறை வைத்து வாடகைக்கு எடுத்த இரண்டு பேரைப் போலத்தான் இருந்தோம். அவர் வந்து படுக்கும்போது நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். வருஷக்கணக்கில் இப்படி ஓடியதில் அவருக்குத் தூக்கம் கெட்டது, வயிறு கெட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவார். பாதி வார்த்தையில் நிற்கும் என் பேச்சை நான் யாரிடம் போய் முடிப்பது?

இதிலிருந்து வெளியே வர ஒரே வழி, தொழிலாளியாக இருப்பவர் ஸ்டாஃப், அதாவது கம்பெனி அலுவலர், ஆவது. ஸ்டாஃப் ஆகிவிட்டால் ஜெனரல் ஷிப்ட். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்கு டிகிரி வேண்டும். வயது வரம்பும் உண்டு. எங்கள் கல்லூரியில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று பி.இ. வகுப்பு தொடங்கியபோது அவர் முதல் ஆளாகச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் சில மாலைகளிலும் வகுப்பு. அரைத்தூக்கத்தில் படித்துப் படித்துக் கடைசி செமஸ்டருக்கு வந்து சேர்ந்தபோது, வயது வரம்புக்கும் அதுதான் கடைசி வருஷமாக இருந்தது. புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் போர்ட்டலில் ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி. ஏற்றினால் ரிசல்ட், ரிசல்ட் வந்தால் ஸ்டாஃப் தேர்வு. இந்த வருஷம் தவறினால் அவர் ஓய்வு பெறும்வரை ஷிப்ட்தான்.

அவர் என் கணவர் என்று கல்லூரியில் நான் சொல்லிக்கொள்ளவில்லை. அவருக்கு அவர் அப்பாவின் இனிஷியல், எனக்கு என் அப்பாவின் இனிஷியல். மார்க் விஷயத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று அந்த வகுப்புப் பக்கமே நான் போகவில்லை. வீட்டிலும் அந்தப் படிப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்திருந்தோம்.

இங்கே ஷிப்டுக்காரர்களின் நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினைந்தாம் தேதி சி ஷிப்ட் என்றால், அது பதினைந்தாம் தேதி இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பதினாறாம் தேதி காலையில் முடியும். ஆனால் அவர்களுக்கு அந்த இரவு முழுவதும் பதினைந்துதான். வருகைப்பதிவில் பதினைந்து, உற்பத்திக் கணக்கில் பதினைந்து, கேன்டீன் டோக்கனிலும் பதினைந்து. காலையில் சங்கு ஊதினால்தான் பதினாறு பிறக்கும். கல்யாணமான முதல் வருஷம் காவேரிப்பட்டினத்தில் என் சித்தி மகள் கல்யாணம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் முகூர்த்தம். “வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு நான் முதல் நாளே போய்விட்டேன். அவர் வெள்ளிக்கிழமை சி ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, வியாழக்கிழமை இரவு சாவகாசமாக வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். அங்கே தாலி கட்டும் நேரத்தில் இவர் மெஷினில் நின்றுகொண்டிருந்தார். சித்தி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

எங்கள் கல்லூரியில் தேர்வுகளுக்குப் பொறுப்பானவரைக் கன்ட்ரோலர் என்போம். ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்த மனிதர். நல்லவர், பயந்த சுபாவம். புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குக் கடைசி நேரத்தை ஆள் வைத்துப் போர்ட்டலில் குறித்தவர் அவர்தான்: பதினைந்தாம் தேதி, இரவு பன்னிரண்டு மணி. கணினியின் கணக்கில் அது பதினான்காம் தேதி முடிந்து பதினைந்து பிறக்கிற கணம். பகல் வகுப்பு மாணவர்களுக்குச் சிக்கல் வரவில்லை. பதினான்காம் தேதியே துறைத்தலைவர்கள் வகுப்பு வகுப்பாகப் போய் விரட்டி ஏற்ற வைத்துவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களின் வகுப்பை விரட்ட ஆளில்லை. அவர்கள் திரையில் இருந்ததைப் படித்தார்கள். பதினைந்தாம் தேதி இரவு பன்னிரண்டு என்றால் அவர்களுக்குப் பதினைந்தாம் தேதி சி ஷிப்டின் நடுப்பகுதி. அந்த வகுப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான் எடுத்துக்கொண்டு, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். வேறு ஊர்க் கல்லூரியில் ஒன்றிரண்டு பேர் தவறியிருப்பார்கள். இங்கே பாதி வகுப்பே சேர்ந்து தவறியது.

அந்த வாரம் என் வீட்டுக்காரருக்கு சி ஷிப்ட். பதினைந்தாம் தேதி மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, தூங்கி எழுந்து குளித்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையை என் பக்கம் திருப்பினார். சமர்ப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்று இருந்தது. அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் போட்டவள் நான்தான்.

“இன்னிக்குப் பதினைஞ்சுதானே?” என்றார். “இன்னும் பன்னெண்டு ஆகலியே.”

நான் விளக்கினேன். கணினிக்கு நாள் எப்போது பிறக்கிறது, எப்போது சாகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“அப்ப பதினாலாந்தேதி நைட்டுன்னு போட்டிருக்கணும்” என்று மட்டும் சொன்னார். பிறகு சாப்பிட்டார், ஷூ மாட்டினார், ஷிப்டுக்குப் போனார்.

நீ திறந்துவிடு என்று அவர் கேட்கவில்லை. என்னால் முடியும் என்று அவருக்குத் தெரியும். போர்ட்டலின் நிர்வாகிப் பக்கத்துக்குள் போய்த் தேதியை மாற்ற எனக்கு ஒரு நிமிஷம் போதும், அதுவும் அவருக்குத் தெரியும். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனம் ஆறியிருக்கும். கேட்காமல் போனதுதான் என்னைக் குடைந்தது. சமையல் மேடையைத் துடைத்தேன். துடைத்த மேடையை மறுபடி துடைத்தேன்.

அடுத்த இரண்டொரு நாளில் அந்த வகுப்பு ஆட்கள் ஷிப்ட் முடிந்த கையோடு யூனிஃபார்மிலேயே வந்து தேர்வுப் பிரிவின் வாசலில் நின்றார்கள். கன்ட்ரோலர் என்னை அழைத்தார். டீ வரவழைத்தார். டீ வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“மேடம், ஒரு சின்ன ஹெல்ப். க்ளோஸ் ஆன போர்ட்டலைத் திரும்பத் தொறக்க டெக்னிக்கலா வழியில்லன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. பிரின்சிபால்கிட்ட வெச்சு முடிச்சுடலாம். யாருக்கும் கெட்ட பேர் இல்ல.”

“வழி இருக்குதுங்க சார்.”

“இருக்கட்டும். இல்லைன்னு எழுதினா யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“இது ஓப்பன் சோர்ஸுங்க சார். யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. “தொறந்தா யுனிவர்சிட்டிக்கு நான் பதில் சொல்லணும் மேடம். எல்லாரும் வேலையில இருக்கறவங்கதானே? அடுத்த வருஷம் போட்டுக்கட்டும். ஒரு வருஷத்துல என்ன குடி முழுகிடப் போவுது?”

முழுகப் போவது என் குடி என்று அவருக்குத் தெரியாது. நான் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழியில்லை என்று எழுதினால் பொய். அந்தப் பொய்யில் என் வீட்டுக்காரரின் கழுத்தும் அறுபடும். வழியிருக்கிறது என்று எழுதினால், நாளைக்கு விஷயம் தெரிந்ததும் புருஷனுக்காக எழுதினாள் என்பார்கள். எனக்கு எதையும் மனதில் வைத்துக்கொண்டு உட்காரத் தெம்பில்லை.

“சார், அந்த வகுப்புல என் வீட்டுக்காரர் இருக்காரு. அவரும் போடலை.”

கன்ட்ரோலர் டம்ளரைக் கீழே வைத்தார். “இதை ஏன் மேடம் எங்கிட்ட சொன்னீங்க?” என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டு.

அன்றைக்கு வீட்டில் கேட்டேன், என்ன எழுதட்டும் என்று. அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“உன் ஆபீஸ் விஷயம். நான் என்ன சொல்றது?”

“உங்க டிகிரிங்க இது.”

“டிகிரி என்னுது. போர்ட்டல் உன்னுது.”

கையில் இருந்த கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன். போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். மனிதன் கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படலாம். இவர் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைத் தேடுவார்.

மறுநாள் காலை அந்த ஆத்திரத்தோடு எழுதினேன். போர்ட்டலைத் திரும்பத் திறக்க முடியும், ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. திறப்பதா வேண்டாமா என்பது கல்லூரி எடுக்க வேண்டிய முடிவு. பாதிக்கப்பட்டவர்களில் என் கணவரும் ஒருவர். ஆகவே திறப்பதிலோ, எந்த ரிப்போர்ட்டையும் ஏற்றுவதிலோ நான் கை வைக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுப் படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைமேல் இப்போது எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

முடியாது என்று சொல்ல யாரும் மிச்சமில்லாததால் பிரின்சிபால் யோசித்தார். திறக்கலாம் என்றார். அடுத்த வாரம் ஒரு நாள் மட்டும், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. திறக்க வேண்டியவர் கன்ட்ரோலர். போர்ட்டலில் மார்க் பார்ப்பதற்கே ஆள் கூப்பிடுகிறவர் அவர். பக்கத்தில் ஓர் இளம் விரிவுரையாளரை உட்கார வைத்துக்கொண்டு தொடங்கினார். நான் வெளியே வராந்தாவில் நின்றேன்.

“மேடம், இதுல சேவ் எங்க இருக்குது?” என்று உள்ளிருந்து கேட்டார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கிடைத்துவிட்டது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது.

அந்த வாரம் என் வீட்டுக்காரருக்கு ஏ ஷிப்ட். ரொம்பச் சௌகரியம் என்று இருவருமே நினைத்தோம். “ரெண்டு மணிக்கு வெளிய வந்துருவேன். மூணுக்குள்ள போட்டுருவேன். நீ சும்மா சும்மா போன் அடிக்காத” என்று சொல்லிவிட்டு இருட்டோடு கிளம்பிப் போனார். போன் அடித்தாலும் அவரால் எடுக்க முடியாது. அந்தக் கம்பெனியில் எல்லாருடைய செல்போனையும் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

மூன்று மணிக்குப் போர்ட்டலைத் திறந்து பார்த்தேன். பார்ப்பது கை வைப்பது ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவருடையது இல்லை. மூன்றரைக்குப் பார்த்தேன். போன் சுவிட்ச் ஆஃப். நான்கு மணிக்கு வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் பாதி வரியில் நிறுத்திவிட்டு, துறைத்தலைவரிடம் பர்மிஷன் சொல்லிவிட்டு நெடுஞ்சாலைக்கு ஓடினேன். ஏறிய பஸ் ஓசூர் எல்லைக்கு வந்ததும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. படிக்கட்டில் நின்றுகொண்டு டிரைவரை முறைத்தேன், அவர் என்ன செய்வார் பாவம். வீட்டில் பூட்டு தொங்கியது. கட்டிலில் லேப்டாப், அதில் அவருடைய ரிப்போர்ட். பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

கம்பெனி கேட்டில் இருந்த செக்யூரிட்டி கொஞ்சம் வயதானவர், கன்னடம் கலந்த தமிழ்.

“ஷிப்ட் நடுவுல கூப்பிடக் கூடாதும்மா. யாருக்காவது சீரியஸா?”

“ஆமாங்க.”

“யாருக்கு?”

“எங்க ரெண்டு பேருக்கும்” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்டர்காமை எடுத்தார். உள்ளே யார் யாரையோ கேட்டு, கடைசியில் ரிசீவரை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் மெஷின்களின் இரைச்சல்.

“ரிலீவர் வரல” என்றார் அவர். “வீட்ல மாங்கா லோடு ஏத்தறாங்களாம், லீவு போட்டுட்டான். என்னையே கன்டினியூ பண்ணச் சொல்லிட்டாங்க.”

அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மெஷினை வாங்கிக்கொள்ளாவிட்டால், இருப்பவர் நகரக் கூடாது. அது அங்கே சட்டம்.

“மணி அஞ்சரை ஆவுதுங்க.”

“தெரியுது. இங்கயும் கடிகாரம் இருக்குது.”

“லேப்டாப் எடுத்தாந்திருக்கேன். நீங்க வர வேணாம். பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க, நானே போட்டுடறேன்.”

இரைச்சல் மட்டும் கேட்டது.

“கேக்குதுங்களா?”

“கை வெக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தியே.”

“எழுதினா என்னங்க? யாரு வந்து பாக்கப் போறாங்க?”

கன்ட்ரோலர் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவர் பாஸ்வேர்டு. எழுதிக் கொடுத்த தாளை யாராவது கொண்டுவந்து நீட்டியிருந்தால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன்.

“நான் எழுதச் சொன்னனா? நீயாத்தான் எழுதின” என்றார். அவர் குரலில் அப்படி ஒரு கடுப்பை நான் கேட்டதில்லை. “எழுதினது எழுதினதுதான். வை, வர்றேன்.”

மெஷின் ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே பெரிய திறந்தவெளி. தரையில் நடப்பதற்கென்று இரண்டு மஞ்சள் கோடுகள் போட்டிருந்தார்கள். கம்பெனி வளாகத்துக்குள் யாரும் ஓடக் கூடாது, அந்தக் கோடுகளுக்குள்தான் நடக்க வேண்டும். அவர் ஷெட்டை விட்டு வெளியே வந்து நடக்கத் தொடங்கினார். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குறுக்கே வந்தால் பாதி தூரம். இடையில் ஒரு வண்டி இல்லை, ஒரு மனிதர் இல்லை. அவர் கோடு நேராகப் போன இடத்தில் நேராகப் போனார், திரும்பிய இடத்தில் திரும்பினார். அந்த நிமிஷத்தில் அந்த மனிதரை நான் வெறுத்தேன். இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன் என்பதும் அப்போது பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது.

லேப்டாப்பை ஸ்கூட்டி சீட்டில் வைத்தேன். அவர் கையெல்லாம் எண்ணெய். செக்யூரிட்டி ஒரு பனியன் துணியை எடுத்துக் கொடுத்தார். துடைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார்.

“பாஸ்வேர்டு போடறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க.”

திரும்பி நின்று ரோட்டைப் பார்த்தேன். என் போனிலிருந்துதான் இன்டர்நெட். சிக்னல் ஒரு கோட்டில் இருந்தது. அந்தச் சாலையில் எத்தனை லாரி போனது, எந்த மாநிலத்து வண்டி என்று எதுவும் மனதில் ஏறவில்லை. லேப்டாப்பை மடக்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

“ஏறிடுச்சு. மெஷின் நின்னு கெடக்குது” என்றார். பிறகு வந்த மாதிரியே, கோட்டுக்குள்ளேயே திரும்பி நடந்தார். ஆறு மணிக்குச் சில நிமிஷங்கள் இருந்தன.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். டிகிரி சர்ட்டிபிகேட்டை அவர் அம்மா வாங்கித் தடவிப் பார்த்தார். அந்த வகுப்பில் ஒருவர் தன் கம்பெனியில் ஸ்டாஃப் ஆகி, கல்லூரிக்கு வந்து எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். மேடம் எழுதிக் கொடுத்ததால்தான் என்றார். நான் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, ஸ்டாஃப் ரூம் மேஜையில் வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பதவி வரவில்லை. கேட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை ஏற்றிய மறுநாளே அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள்: அனுமதியில்லாமல் மெஷினை நிறுத்திவிட்டு வேலையிடத்தை விட்டுப் போனது. ஸ்டாஃப் தேர்வுக்கு உட்கார்ந்தபோது அந்த மெமோ அவர் ஃபைலில் முதல் தாளாக இருந்தது. நேர்காணலில் அதைப் பற்றி மட்டுமே கேட்டார்களாம். வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிட்டது.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். போர்ட்டலின் நிரலுக்குள் புகுந்து, கடைசி நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரியைச் சேர்த்தேன். இப்போது அதில், உதாரணத்துக்கு, பதினான்காம் தேதி பி ஷிப்ட் முடிந்து இரண்டு மணி நேரத்தில் மூடும் என்று ஷிப்டுக்காரர்களின் கணக்கிலும் காட்டும். அதை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று மன்றத்துக்கு அனுப்பினேன். பி ஷிப்ட் என்றால் என்ன என்று யாரோ கேட்டார்கள். நீளமாக விளக்கி எழுதினேன், எழுத எழுத விரல்கள் கீபோர்டில் குத்தின. சேர்த்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இன்டர்காம்தான் காதில் கேட்கிறது. ஒரு பாஸ்வேர்டு, ஒரு கிளிக். உலகத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. நான் எழுதித் தொலைத்த ஒரு வரிக்காக அவர் மெஷினை விட்டு வெளியே வந்தார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அவருக்கு பி ஷிப்ட். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு காலம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு நானே போட்டிருந்தா இந்நேரம் நீங்க ஸ்டாஃப் ஆயிருப்பீங்க இல்லீங்களா?”

இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லை, விதி, விடு என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“ஆமா” என்றார். “ஆயிருப்பேன்.”

அவர் ஷூ லேஸை இறுக்கிக் கட்டினார்.

“ஆனா எழுதினத நீயே மீறினதுக்கப்புறம் உம்மேல எனக்கு இருக்கற பயம் போயிருக்கும். பயமில்லாம உங்கூட எப்பிடிக் குடித்தனம் பண்றது?”

சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.